உறைநிலம்

மண் ஈரமாக இருந்தது.

அந்த ஆழத்தில் ஈரம் இருக்கக் கூடாது.

அவன் கட்டிடத்தின் அடியில் குப்புறப் படுத்தபடி இரும்புக் கம்பியை இன்னொரு முறை இறக்கினான். முழங்கை ஆழத்தில் கல்லில் மோதியது போல அது நிற்க வேண்டும். இந்த ஊரில் கோடையிலும் நிலம் அடியில் கல்லாக உறைந்துதான் இருக்கும்.

கம்பி இறங்கிக்கொண்டே போனது.

மேலே ஊரின் ஒரே மருத்துவ நிலையம். பின்பக்கம் தாதியின் வீடு. இரண்டும் ஒரே கூரையின் கீழ், இரும்புத் தூண்களின் மேல். கட்டிட வரைபடத்தை வரைந்தவன் அவன்தான். குளிர்காலக் காற்று அடியில் தடையில்லாமல் ஓட வேண்டும். வீட்டின் சூடு மண்ணைத் தொடக் கூடாது. தொட்டால் நிலம் இளகும். தூண்கள் புதையும்.

பின்பக்கத் தூண்கள் புதைந்துவிட்டன. சுவர் பிளந்திருந்தது. மருந்தறைக் கதவு திறக்கவில்லை.

அந்தப் பக்கம் மட்டும் அடியைச் சுற்றிப் பலகை அடித்திருந்தது.

பலகையை அவன் தொடவில்லை. யார் அடித்தது என்று அவனுக்குத் தெரியும். யார் அடிக்கச் சொன்னது என்றும்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம். கட்டிடத்தைப் பரிசோதிக்க வந்தவனைத் தாதி தர்மினி சாப்பிடக் கூப்பிட்டாள். கனடாவின் இந்த வடகோடியில் ஒரு தமிழ்க் குரல். இடியப்பமும் சொதியும். தரையில் தவழ்ந்த குழந்தைக்கு இரண்டு சோடிக் காலுறை.

"தரை ஐஸ் மாதிரிக் கிடக்கு அண்ணா. பிள்ளை விடிய விடிய இருமுது. கீழால வாற காத்தை மறைக்க ஏலாதே?"

ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

இந்தப் பக்கம் மட்டும் மறையுங்கள் என்றான். இந்த ஒரு குளிர்காலத்துக்கு. அதற்குள் தரைக்கு உள்ளே வெப்பத்தடுப்பு போடச் சொல்கிறேன் என்றான்.

சொல்லவில்லை. சொன்னால் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் காத்திருந்தாள். இரண்டாவது குளிர்காலமும் வந்தது. பலகை அப்படியே இருந்தது.

அவன் கம்பி இறக்கிப் பார்த்த மறுநாள் ஊர் மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். மருத்துவ நிலையத்தை மூட வேண்டும். புதியது எழும்பும்வரை, காய்ச்சல் வந்த குழந்தையும் விமானம் ஏறித்தான் போக வேண்டும். மூச்சுக்குத் திணறும் ஒரு மனிதரை மகள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். அவருக்கு வாரந்தோறும் மருந்து ஏற்ற வேண்டும்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்தவர் கேட்டார். அந்தப் பலகையை அடித்தது யார்?

அவன் எழுவதற்காகக் கால்களை இழுத்துக்கொண்டான்.

"நான்தான்," என்றாள் தர்மினி, ஆங்கிலத்தில். "யாரையும் கேட்கவில்லை. குளிர் தாங்கவில்லை, அடித்தேன்."

துறை அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

அவர் அவன் பக்கம் திரும்பினார். உங்கள் வரைபடத்தில் குறை எதுவும் இல்லையே?

"இல்லை," என்றான்.

அது உண்மை. அதனால்தான் அவ்வளவு எளிதாக வந்தது.

வாசலில் அவளை மறித்தான். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டான்.

"நேர்ஸ் வேலை எனக்கு எங்கயும் கிடைக்கும். உங்களை அனுப்பிப் போட்டினமெண்டால் ஆர் வந்து இவையளுக்குக் கட்டிக் குடுக்கிறது? பேசாம இருங்கோ அண்ணா."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

அவன் பேசாமல் இருந்தான். அவள் கேட்டுக்கொண்டதற்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வார முடிவில் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். விமானத் திடலுக்கு ஊரில் பாதி வந்திருந்தது. மூச்சுத் திணறும் மனிதர் தன் கையுறையைக் கழற்றி அவள் கையைப் பிடித்தார். விடவே இல்லை. மகள்தான் விலக்கினாள்.

தர்மினி அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் குழந்தையின் பெட்டியைத் தூக்கிப் படியருகில் வைத்தான்.

அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்பது போல.

விமானம் மேகத்துக்குள் போனது.

ஊர் மன்றத் தலைவி மீக்கா தன் வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டாள். இந்த ஊரில் பிறந்து, அந்த மருத்துவ நிலையத்துக்காகப் பல ஆண்டுகள் அலைந்தவள். புதிய கட்டிடத்துக்கு மேட்டுப் பக்கம் ஓர் இடம் பார்த்திருந்தாள்.

கற்பாதையில் வண்டி குலுங்கியது.

"புதிய கட்டிடத்துக்கும் உங்களையே அனுப்பியிருக்கிறார்கள். அது எங்கள் அதிர்ஷ்டம்," என்றாள். "அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அந்தக் குழந்தை இருமுவது எல்லோருக்கும் கேட்டது. நான்கூட ஒரு கம்பளம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை."

அவன் வெளியே பார்த்தான். பாசி படர்ந்த நிலம். கீழே எங்கோ உறைந்தும், எங்கோ இளகியும்.

மேடு தெரிந்தது. அளவெடுக்க நட்ட கொடிகள் காற்றில் படபடத்தன.

"மீக்கா, வண்டியை நிறுத்துங்கள்."

"இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"இங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பலகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்."

அவள் நிறுத்தினாள். சாவியைத் திருப்பி எஞ்சினையும் அணைத்தாள்.

பிறகு அவன் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.