மணிக்கு நூறு நிமிடம்

1986. காளவாசல் பக்கத்து நூல் மில்லில் கம்ப்யூட்டருக்குத் தனி அறை, ஏ.சி., நெற்றியில் சந்தனப் பொட்டு. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். முதலாளி உக்கிரபாண்டியின் அறையில் இன்னும் மின்விசிறிதான். அதுவும் கிறீச்சிடும்.

திங்கட்கிழமை பகலில் குடோனிலிருந்து ஒரு மூட்டை நூல் காணாமல் போனது. அதைப் பின்சுவருக்கு வெளியே போட்டு, ஆரப்பாளையத்தில் விற்றுத் தள்ளிவிட்டுத் திரும்ப நாற்பது நிமிடமாவது வேண்டும். அன்று அவ்வளவு நேரம் வெளியே போனவன் யார்?

கேட் நோட்டிலிருந்த நேரங்களைக் கம்ப்யூட்டர் கழித்தது. அதிக நேரம் வெளியே இருந்தவர் மேலே வருகிற மாதிரி ஒரு நீளத் தாளைத் துப்பியது. முதலாளி முதல் வரியைப் படித்தார். அதற்குக் கீழே படிக்க அவருக்குப் பொறுமை ஏது?

"வெள்ளைத்துரை. அறுபது நிமிஷம்!"

மூட்டை தூக்கும் வெள்ளைத்துரை கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு டீ, ஒரு வடை. அம்புட்டுத்தான் முதலாளி. பிள்ளைக மேல சத்தியம்!"

"மெஷின் பொய் சொல்லுமாடா? போலீஸ்ல வந்து சொல்லு."

முதலாளி போனை எடுத்தபோது, கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிய ஹரிராம் வெறுங்காலோடு ஓடிவந்தான்.

"தப்பு என் மேல முதலாளி. இவரு போனது பத்து அம்பது, வந்தது பதினொண்ணு பத்து. மெஷின் 11.10-ல 10.50-ஐ ரூபா பைசா மாதிரி கழிச்சிருச்சு. அறுபதுன்னு வந்திருச்சு. நெசத்துல இருபதே நிமிஷம்."

முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். இருபதுதான்.

"லட்ச ரூபா மெஷினுக்கு மணிக்கு நூறு நிமிஷமாக்கும்!" தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

வெள்ளைத்துரை ஹரிராமின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க இல்லாட்டி என் குடும்பம் நடுத்தெருவுல நின்னிருக்கும் தம்பி."

"அட, விடுங்கண்ணே."

முதலாளிக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. "தன் தப்பைத் தானே ஒத்துக்கிற நேர்மை எவனுக்குடா வரும்?" என்று சொல்லி, குடோன் சாவியை அன்று முதல் ஹரிராமிடமே ஒப்படைத்தார்.

கூடையில் கிடந்த தாளின் இரண்டாவது வரியில், 'ஹரிராம்: போனது 2.05, வந்தது 2.50, நாற்பத்தைந்து நிமிடம்' என்றிருந்த கழித்தலில் ஒரு தப்பும் இல்லை.