இடப்பக்கக் கதவு

“அம்மான், இது மழைக்கு வந்த கறள் இல்லை. உப்பு.”

தவராசா மச்சான் துருவேறின இடப்பக்கக் கதவிலை விரலைத் தேய்ச்சு, நாக்கிலை வைச்சுப் பாத்திட்டுச் சொன்னார். கராச் வாசலிலை தேத்தண்ணித் தட்டோடை நிண்ட நான் ரெண்டடி பின்னுக்குப் போனன்.

உப்புப் பூசினது நான்தான். அண்டைக்குவரைக்கும் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

அது வெள்ளைக்காரன் காலத்துப் பிக்கப். ஐயா, தான் வேலை செய்த கவண்மேந்துக் கந்தோரின்ரை ஏலத்திலை எடுத்தது. இஞ்சின் வைகாசியிலையே ஓடிச்சுது. மிச்சம், றைவர் இருக்கிற முன்கூடு மட்டுந்தான். அதைக் கழட்டி, எங்கடை கராச்சுக்குள்ளை பனங்குத்தியிலை வைச்சு ஐயா கறள் சுரண்டிக்கொண்டிருந்தார். கூட்டைப் பூட்டிப் பெயின்ற் அடிச்சு முடிய, பிக்கப்பும் நானும் ஒண்டா ஓமந்தைக்குப் போறதெண்டு பேச்சு. பிக்கப் என்ரை சீதனம். மாப்பிளை தவராசா மச்சான், ஓமந்தை மாமியின்ரை மகன். மாமி ஐயாவின்ரை தமக்கை.

எனக்குப் பதினாறு வயசு. மார்கழியிலை எஸ்.எஸ்.ஸி. சோதினை. பாஸ் பண்ணினா ரீச்சரா வரலாம் எண்டு பள்ளிக்கூடத்திலை சொல்லியிருந்தவை. கலியாணம் முடிஞ்சா புத்தகத்தைத் தொட மாமி விடமாட்டா. மச்சான் கெட்டவர் இல்லை. ஆனா என்னோடை கதைச்சதே மூண்டு தரம். மூண்டு தரமும் பிக்கப்பைப் பற்றித்தான்.

ஐயாவிட்டைச் சொல்லப் பயம். தாயில்லாத தம்பியை இடுப்பிலை தூக்கி வளத்தவா மாமி. அவா கேட்டு ஐயா ஒருநாளும் மாட்டன் எண்டதில்லை. இந்தக் கலியாணத்துக்கும் “ஓம் அக்கா” எண்டுதான் சொன்னவர். அம்மாவிட்டைச் சொன்னா அது ஐயாவின்ரை காதுக்குப் போயிடும்.

அதாலை, ஐயா வயலுக்குத் தண்ணி கட்டப் போற நேரம் பாத்து, சீலைத்துண்டை உப்புத்தண்ணியிலை நனைச்சு, கிணத்தடிப் பக்கம் பாத்த அந்த ஒரு கதவிலை மட்டும் பூசினன். ஐயா சுரண்டுவார். தகரம் மினுங்கும். ரெண்டு நாளிலை திரும்பச் சிவந்துபோம்.

பிறகு பாத்தா, மற்றக் கதவும் சிவந்துது. கூரையும் சிவந்துது. தேமல் மாதிரிக் கறளும் படரும் போலை எண்டு நினைச்சு நித்திரையில்லாமல் கிடந்தன். உப்புச் சட்டியும் கெதியிலை முடிஞ்சுது. அம்மா கேக்கப்போறா எண்டு பயந்தன். அவா ஒண்டும் கேக்கேல்லை, இன்னும் ரெண்டு கொத்து வாங்கி வைச்சா. ஐயாவும் கராச்சிலை இருந்த அரிக்கன் லாம்பை எனக்குப் படிக்கத் தந்திட்டு, இருட்டிலை வேலை செய்யேலாது எண்டு பொழுதுபட முதலே கராச்சைப் பூட்டத் தொடங்கினார்.

அண்டைக்கு மச்சானோடை வந்திருந்த மாமி, அவர் உப்பெண்டதைக் கேட்டுக் கதிரையாலை எழும்பி வந்தா. “இருபது வருசம் கவண்மேந்து லொறி திருத்தினவன் நீ. அஞ்சு மாசமா ஒரு கூட்டைச் சுரண்டுறாய். உது தகரமோ, உன்ரை முதுகுச் சொறியோ?”

மச்சான் கேட்டார், சுரண்டின கையோடை ஏன் அடிப்பெயின்ற் பூசேல்லை எண்டு. தகரம் ரெண்டு நாள் காத்து வாங்கவேணும் எண்டார் ஐயா.

“அது கிடக்கட்டும். உப்பு எப்பிடி வந்தது?” மாமி விடேல்லை.

ஐயா என்னைப் பாத்தார். நான் நிலத்தைப் பாத்தன்.

“கழுவுற தண்ணி அக்கா. எங்கடை கிணறு உவர்.”

“இப்பதானே ஒரு செம்பு குடிச்சனான். இளநி மாதிரிக் கிடந்துது.”

மாமியின்ரை கண் கூட்டின்ரை கூரைக்குப் போச்சுது. அதிலை சுளகோடை மோர்மிளகாய் கிடந்துது. முத்தத்திலை வெய்யில் எரிச்சாலும் அம்மா அதைக் கராச்சுக்குள்ளைதான் வைப்பா. வெளியிலை கோழி கொத்துமாம். மாமி ஒண்டை எடுத்து நசிச்சுப் பாத்தா.

“இதுவும் காயேல்லை. இந்த வீட்டிலை ஒண்டும் முடிஞ்சு வராது.” மிளகாயைச் சுளகிலை போட்டிட்டு ஐயாவுக்கு முன்னாலை வந்து நிண்டா. “நெடுங்கேணியிலை ஒரு இடம் புது உழவு மிசின் சீதனத்தோடை இவனைக் கேக்கினம். உன்ரை சொல்லுக்காகத்தான் நிக்கிறன். இந்த மாசத்துக்குள்ளை பிக்கப் ஓடுமோ, ஓடாதோ?”

ஐயா கையைச் சாரத்திலை துடைச்சார்.

“ஓடாது அக்கா. உன்ரை விருப்பத்துக்கு நான் எப்பவாவது குறுக்கை நிண்டனானே?”

மாமி மச்சானைக் கூட்டிக்கொண்டு பஸ்சுக்கு நடந்தா. போகேக்கை முந்தானையாலை முகத்தைத் துடைச்சவா. ஐயா படலையடியிலை நிண்டு, பஸ் சத்தம் அடங்கினாப் பிறகுதான் கராச்சுக்குத் திரும்பி வந்தார். அவரின்ரை கண்ணும் கலங்கியிருந்துது.

எனக்குத் தாங்கேல்லை. ஒரு சிரட்டை உப்பாலை அக்காவையும் தம்பியையும் பிரிச்சுப்போட்டன்.

“ஐயா, உப்புப் பூசினது நான். இடப்பக்கக் கதவு முழுக்க நான்தான்.”

அடி விழும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு நிண்டன். விழேல்லை.

“இடப்பக்கமோ?” எண்டார் ஐயா. “நான் வலப்பக்கந்தானே பூசினனான். மற்றப் பக்கங்கள் தானாப் படருது எண்டெல்லோ நினைச்சன்.”

ரெண்டு பேரும் ஒண்டா நிமிந்து கூட்டின்ரை கூரையைப் பாத்தம்.

அம்மா குசினியாலை வந்து, உப்புத்தண்ணி சொட்டச் சொட்ட அந்தச் சுளகைத் தூக்கினா.

“இனியாவது இதை வெய்யிலிலை வைக்கலாம்.”