விதானையார் பார்க்க வேண்டிய ஆள்

"ஆள் நேரில வரோணும் தங்கச்சி. கண்ணால பாராமல் நான் கையெழுத்து வைக்கேலாது."

இது மூன்றாவது தடவை. புதிதாக மாற்றலாகி வந்த விதானையார் படிவத்தைச் சிவராணியின் பக்கமே தள்ளிவிட்டார். மேசையில் 'அ. டிலக்‌ஷன், கிராம அலுவலர்' என்று பெயர்ப்பலகை. பலகையில் இருந்த பளபளப்பு ஆளின் முகத்தில் இல்லை.

தாழ்வுபாட்டுக் கிராமத்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த சிவராணி சும்மா திரும்புவதாக இல்லை.

"எங்கட பெரிய மாமாவுக்கு ரெண்டு முழங்காலும் ஏலாது சேர். கட்டிலோட கிடக்கிறார். ஏப்ரலில இருந்து பென்சன் வரேல்ல. குளிசையெல்லாம் நான் கடன்பட்டு வாங்கிக் குடுக்கிறன்."

"போன வருசம் சைக்கிளில வந்தல்லோ சான்றிதழ் எடுத்திருக்கிறார்?"

"போன வருசம் கால் நல்லா இருந்தது."

பெரிய மாமா என்பது அவள் கணவன் சஜீவனின் பெரியப்பா அமிர்தநாயகம். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டாள். சஜீவன் கட்டாருக்குப் போனபின், அதே வளவில் தனியாக இருக்கும் அவருக்குச் சோறும் தேத்தண்ணியும் சிவராணி பொறுப்பு. அவள் உயிலங்குளத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருசம்தான். அதற்குள் கிழவரின் பிடிவாதம் மட்டும் அவளுக்கு மனப்பாடம்.

உயிரோடு இருக்கிறார் என்று விதானையார் வருசத்துக்கு ஒருமுறை சான்றிதழ் கொடுத்தால்தான் பென்சன் ஓடும். தை மாதம் புது விதானையார் வந்தார். மாசி மாதம் கிழவர் கட்டிலில் விழுந்தார். "ஓட்டோ பிடிக்கிறன், வாங்கோ மாமா" என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். "அவன் வந்து பார்க்கட்டும்" என்பதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை. கட்டாரிலிருந்து சஜீவனும், "பெரியப்பாட விசயம், நீ தலையைப் போடாத" என்றதோடு சரி.

தலையைப் போடாமல் முடியுமா? இந்த மாதத்துக்குள் சான்றிதழ் வராவிட்டால் கோப்பு கொழும்புக்குப் போய்விடும் என்று பிரதேச செயலகத்தில் சொல்லிவிட்டார்கள். அங்கே போன கோப்பு எப்போது திரும்பும் என்பது மடு மாதாவுக்குத்தான் தெரியும்.

"படுக்கையில கிடக்கிற ஆக்களை விதானையார்தான் வீட்ட போய்ப் பார்க்கோணுமாம். செயலகத்தில சொன்னவை," என்றாள்.

"எனக்கு வேலை கிடக்கு."

"அப்ப வரமாட்டன் எண்டு எழுதித் தாங்கோ."

"என்னது?"

"'அமிர்தநாயகத்தைப் பார்க்க நான் வரமாட்டன்' எண்டு ஒரு துண்டில எழுதிக் கையெழுத்து வையுங்கோ. நான் அதைக் கொண்டுபோய்ச் செயலகத்தில குடுக்கிறன். அதுவரைக்கும் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டன்."

சொன்னபடியே இருந்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விதானையார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். ஒரு சொல்லும் எழுதாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நாளைக்குப் பின்னேரம் வாறன்," என்றார்.

மறுநாள் மோட்டார் சைக்கிள் படலையடியில் வந்து நின்றது. நின்றதே தவிர ஆள் இறங்கவில்லை. மனம் மாறித் திரும்பிவிடுவாரோ என்று பயந்து சிவராணியே ஓடிப்போய்ப் படலையைத் திறந்தாள்.

மாமா வீட்டு வாசல்நிலை மிகவும் தாழ்வானது. புதிதாக வருகிறவர்கள் நெற்றியில் ஒரு புடைப்பு வாங்காமல் உள்ளே போனதில்லை. சிவராணிக்கும் கலியாணத்தன்றே ஒன்று கிடைத்தது. "சேர், தலை கவனம்" என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் விதானையார் குனிந்து உள்ளே போய்விட்டார். கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

கிழவர் முகம் வழித்து, பெட்டி மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டுடன் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"பேர்?" விதானையார் படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"அமிர்தநாயகம்."

"வயசு?"

"எழுபத்து நாலு. ஆளைப் பார்த்தால்தான் கையெழுத்து வைப்பீராம். பாருமன்."

விதானையார் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா பார்ப்பது என்று சிவராணிக்குப் பொறுமை போனது. ஒருவழியாகக் கையெழுத்திட்டு, சீல் குத்தி, அவள் கொடுத்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "குளிசையை ஒழுங்காப் போடுங்கோ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்து வெளியேறினார்.

வென்றுவிட்ட சந்தோசத்தோடு சிவராணி சான்றிதழை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். திரும்பிப் பார்த்தால் கட்டில் காலி. பதறிக்கொண்டு வெளியே ஓடினாள். கிழவர் தடிகூட இல்லாமல் விறுவிறுவென்று முற்றத்தைக் கடந்து போய், படலையைப் பிடித்தபடி, தூரத்தில் போகும் மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, உங்கட கால்?"

"காலுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "அப்ப மூண்டு மாசமா என்னை ஏன் இப்பிடி அலைய விட்டனீங்கள்?"

"வாற வருசமும் அலைய வேண்டி வரும் பிள்ளை," என்று திரும்பிய கிழவரின் கண்கள் நிறைந்திருந்தன. "நீங்கள் செத்தாலும் இந்தப் படி மிதிக்க மாட்டன் எண்டு பன்னிரண்டு வருசத்துக்கு முந்திச் சொல்லிப்போட்டுப் போனவன். நான் உயிரோட இருக்கிறன் எண்டு கையெழுத்து வைக்கவாவது என்ர மகன் வந்துதானே ஆகோணும்?"