ஈயச் சேணம்

அந்த மலையூரில் வெள்ளைக்காரர்கள் குதிரைப் பந்தயம் தொடங்கி அது மூன்றாவது வருஷம். எல்லாக் குதிரைகளுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதற்காக, முன்பு ஜெயித்த குதிரையின் சேணத்தில் ஈயத் தகடுகளைச் செருகி ஓடவிடுவார்கள். அவர்கள் சீமையிலிருந்து கொண்டுவந்த வழக்கம் அது. கார்ட்டர் துரையின் பெண்குதிரை பெல்லா இரண்டு வருஷமும் ஜெயித்திருந்தது. இந்த முறை சேணத்தைத் தூக்கி வைப்பதற்குள் குதிரைக்காரன் சந்தியாகுவுக்கே மூச்சு வாங்கியது.

“இந்தத் தடவ வேணாங்க தொரை. முன்னங்காலு வீங்கியிருக்கு.”

துரை சிரித்தார். “இவ்வளவு பாரம் வேற எந்தக் குதிரைக்கும் குடுக்கலே. பெரிய மரியாதை, தெரியுமா?”

சந்தியாகு வாரை இறுக்கினான். பெல்லாவின் காதருகே குனிந்து, “தோத்துடு தாயி. ஒரே ஒரு தடவ. அப்புறம் கனத்தக் கொறச்சிருவாங்க” என்று கெஞ்சினான்.

கொடி விழுந்தது. பெல்லா பின்தங்கியே ஓடியது. அவனுக்கு உயிர் வந்தது. கடைசித் திருப்பத்தில் இன்னொரு குதிரை உரசிக்கொண்டு முந்தியபோது பெல்லா கழுத்தை நீட்டிப் பாய்ந்தது. “வேணாம், வேணாம்!” என்று அவன் அலறினான். உற்சாகத்தில் கத்துகிறான் என்று நினைத்து, சுற்றி நின்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். தலையளவு முந்தி பெல்லா ஜெயித்தது.

துரை ஓடி வந்தபோது சந்தியாகு தரையில் உட்கார்ந்து, பெல்லாவின் கொதிக்கும் முன்னங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

“அடுத்த வருஷம் இன்னும் ஏத்துவாங்க, பாரு! ஏன் அழறே? ஜெயிச்சாச்சு!”

“சந்தோஷந்தாங்க தொரை” என்றான்.