ஸ்டெப்னிக்குக் காற்று

பிக்கப்பின் பின் சக்கரம் உஸ்ஸென்று உட்கார்ந்ததும், கல்யாணங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடும் நாற்காலிக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார்.

பஞ்சருக்கு யாராவது இப்படிப் பயப்படுவார்களா? அவர் பயந்தார். பக்கத்து சீட்டில் மனைவி இருந்தாள். ஸ்டெப்னியின் குழிவுக்குள் சிகரெட் டப்பா இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சில் சளி கட்டிப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தபோது, இனிமேல் சிகரெட்டைத் தொடவே மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர் அவர். தொட்டால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், வாடகை நாற்காலிகளை நீங்களே தூக்கி ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னவள் அவள். சொன்னால் செய்கிற ரகம்.

பாவம், மனுஷன் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். அதற்கப்புறம்தான் ஸ்டெப்னி மேல் அப்படியொரு அக்கறை வந்தது.

ஞாயிறு தவறாமல், பின் பம்பருக்கு மேலே இருக்கும் துளையில் நீளக் கம்பியை விட்டுத் திருகுவார். பிக்கப்பின் அடிவயிற்றில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னி மெல்ல இறங்கும். காற்றுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குள் கேட்கும்படி சொல்லிவிட்டு அதை உருட்டிக்கொண்டு போவார். தெருமுனையில் காற்றுக் கடை இடப்பக்கம். அவர் திரும்புவது வலப்பக்கம், இடிந்த சுவருக்குப் பின்னால்.

நிம்மதியாகப் புகைவிடவே நேரம் போதவில்லை. இதில் டயரை யார் அழுத்திப் பார்ப்பது?

எதிர்வீட்டுப் பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களிடம் அவரைக் காட்டி, வண்டி வைத்திருந்தால் இப்படி வைத்திருக்க வேண்டும் என்று இடித்துரைத்தார்கள்.

மாதத்துக்கு ஒரு பாக்கெட்தான் வாங்குவார். கூட வாங்கினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். அந்தப் பாக்கெட்டும் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஐந்து வைத்த ஞாபகம் இருக்கும், திறந்தால் மூன்று. வயசாகிறதல்லவா, மறதி என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வார். ஞாயிறுக்கு மூன்று பிடித்தவர், இருப்புப் போதாமல் இரண்டாகி, இப்போது ஒன்றில் வந்து நின்றிருந்தார்.

போன தடவை நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த வயசில் இப்படியொரு மன உறுதியா என்று அசந்துபோனார். நாற்காலிக்காரர் காலரைச் சரிசெய்துகொண்டார். மனைவி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றும் அதே டாக்டரிடம்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். மணி ஒன்பதேகால்.

"நீ நிழல்ல போய் உட்காரு. நான் பாத்துக்கறேன்," என்றார்.

"சும்மா உட்கார்ந்து என்ன பண்றது? முன் சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டு வரேன்," என்று அவள் கல் தேடிப் போனாள்.

அந்த ஒரு நிமிஷம் போதாதா? கம்பியை விறுவிறுவென்று திருகினார். ஸ்டெப்னி தரையைத் தொட்டதும் குப்புறப் படுத்து, கையை விட்டு, டப்பாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். அப்பாடா!

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இரண்டு வருஷமாக ஒரு பொட்டுக் காற்றுப் பிடிக்காத டயர். தொளதொளவென்று கிடந்தால் என்ன பதில் சொல்வது? வாராவாரம் உருட்டிக்கொண்டு எங்கேதான் போனீர்கள் என்று கேட்டால்?

அவள் திரும்பி வந்து பக்கத்தில் நின்றாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் டயரை அழுத்தினார்.

கல் மாதிரி இருந்தது.

நம்ப முடியாமல் உதைத்துப் பார்த்தார். கால்தான் வலித்தது. காற்றுக் குழாயின் மூடியை மட்டும் காணோம். எங்கேயாவது விழுந்திருக்கும், போகட்டும். கடவுள் இருக்கிறார்.

அவ்வளவுதான், ஆளுக்குக் குரல் திரும்பிவிட்டது. நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மாற்றி முடுக்குகிற வரைக்கும் வாய் ஓயவில்லை. டயர் என்றால் என்ன, காற்றென்றால் என்ன, வாராவாரம் பார்க்காதவன் நடுரோட்டில் எப்படி முழிப்பான் என்று ஒரு பிரசங்கமே நடத்தினார்.

"ஆமாங்க, உங்களை மாதிரி வருமா?" என்று அவர் மூக்கிலிருந்த கரியைத் துடைத்துவிட்டு, அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

பஞ்சரான சக்கரத்தைப் பின்னால் ஏற்றியவர் அங்கேயே நின்றுவிட்டார். அந்த ஒரு வார்த்தை அவரை என்னவோ செய்தது. இப்படி நம்புகிறவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று நிஜமாகவே வெட்கப்பட்டார். இன்றோடு சரி. டப்பாவைப் புதருக்குள் வீசிவிட வேண்டியதுதான். வீசுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமே என்று திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் விட்டுவைத்தது மூன்று. இருந்தது ஒன்று.

பக்கத்திலேயே, கறுப்பாக, சுண்டுவிரல் நுனி அளவுக்கு, காற்றுக் குழாயின் மூடி.

நிமிர்ந்தார். பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடி அதுக்குள்ளதாங்க இருக்கு," என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "திங்கக்கிழமை வண்டியில நாற்காலி உறையெல்லாம் சலவைக்குப் போட்டுட்டு வர்றப்ப, எப்பவும்போல கடையில ஸ்டெப்னியை இறக்கச் சொல்லி காத்து பிடிச்சேன். தொலைஞ்சுடக் கூடாதுன்னு அதுல போட்டேன். திருப்பி மாட்ட மறந்துட்டேன்."

நாற்காலிக்காரருக்குக் காது வரைக்கும் சுட்டது. குனிந்து, புதிதாக மாட்டிய சக்கரத்தில் அந்த மூடியைத் திருகினார். இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவைதான் பிடித்தது.

"சீக்கிரம் வாங்க. டாக்டர் உங்க மன உறுதியைப் பாராட்ட வேண்டாமா?"