அம்மாவின் பெயர் கொண்ட கல்

அருங்காட்சியகத்தின் பின்னறையில், மேசை விளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள், தவிட்டு நிறக் கல் ஒன்று பஞ்சின்மேல் கிடக்கிறது. புதுக் கனிமம் என்று அப்பா ஊரறிய அறிவித்து, அம்மாவின் பெயரைச் சூட்டிய கல். அது தனிக் கனிமமே அல்ல, வேறொரு கனிமம் நீர்பட்டுச் சிதைந்து களிமண்ணும் துருவுமாகிப்போன கலவை என்று எக்ஸ்ரே சோதனையில் கண்டுபிடித்தவள் மகள். பெயர் ரத்தாகிவிட்டது. "வேற யாராவது சோதிச்சிருக்கலாம்," என்கிறார் அப்பா, கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். "யார் பார்த்தாலும் இதேதான்பா வந்திருக்கும். உங்க கல்லுங்கறதால நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்." இடுக்கியால் பழைய பெயர்ச்சீட்டைத் தூக்குகிறாள். ஓரம் பழுத்த தாளில் அப்பாவின் குண்டெழுத்து இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. அதில் போடச்சொல்லி அவர் தன் சட்டைப்பையை விரித்துக் காட்டுகிறார். "இல்லப்பா. ரத்தான பேரும் கல்லோடயேதான் இருக்கணும். இங்க வேலை பார்த்தப்ப நீங்க போட்ட விதிதானே." சீட்டு பஞ்சுக்கு அடியில் போகிறது. வெற்றுச் சீட்டில் அவள் எழுதப்போக, "உன் கோழிக்கிறுக்கல் வேண்டாம், தள்ளு," என்று பேனாவை வாங்கிக்கொள்கிறார். களிமண், துரு என்று எழுதுகிறார். அவள் குனிந்து பார்க்கிறாள். அம்மாவின் பெயரை எழுதிய அதே குண்டெழுத்து; ஒரு சுழிகூடக் குறையவில்லை.