பிடி ஆடாத கத்தி

"இதைவிடப் பெரிசு இருக்கா அண்ணாச்சி?"

நேசபாய் இப்படிக் கேட்டதும் முத்துநாயகம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

குலசேகரம் சந்தையில் சாக்கை விரித்து இரும்புச் சாமான் விற்கிறவர் அவர். பெண்கள் வந்தால் மீன் வெட்டுகிற கத்தி கேட்பார்கள், தேங்காய் துருவி கேட்பார்கள். இவள் கேட்பதோ கூப்புக்குப் போகிற ஆண்கள் இடுப்பில் செருகும் வெட்டுகத்தி. காட்டுக்குள் கூப்பில் மரம் முறிக்கப் போனால் குடில் கட்ட, புதர் வெட்டி வழி தெளிக்க, விறகு பிளக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

"என்னத்துக்கு தங்கச்சி இவ்வளவு பெரிய கத்தி?"

"காரியம் உண்டு."

என்ன காரியமென்று அவள் சொல்லத்தான் வேண்டுமா? சந்தைக்கே தெரிந்த கதை அது. அவள் புருஷன் தாசையனைக் கூப்பில் வைத்து வெட்டிச் சாய்த்தவன் ஆபேல். முந்தின நாள் கஞ்சி குடிக்க உட்கார்ந்த இடத்தில் இரண்டு பேருக்கும் வாய்த் தகராறு. மறுநாள் தாசையன் கழுத்தில் வெட்டு. பூஜப்புரை ஜெயிலில் கிடந்த ஆபேல் போன வாரம்தான் வெளியே வந்தான். இன்றைக்கு இவள் கத்தி வாங்க வந்து நிற்கிறாள். முடிச்சுப் போட ஆளா இல்லை?

பக்கத்தில் கருவாடு விற்கிற கிளீட்டஸ் மெதுவாகக் குனிந்தான்.

"ஓய், குடுக்காதேயும். ராஜா காலம் போனாலும் போலீசு அதே போலீசுதான். நாளைக்கு உம்மளையும் சேத்து இழுப்பானுவ."

முத்துநாயகம் யோசித்தார். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போவாள். அப்போதுதான் சாக்கின் ஓரத்தில் கிடந்த அந்தக் கத்தி கண்ணில் பட்டது. பார்த்தால் ஆள் மிரளும். ஆனால் பிடிக்குள்ளே போகிற வால் குட்டை. வெறும் அரக்கு ஊற்றி ஒட்டியது. ஓங்கி வீசினால் தகடு கழன்று எங்கேயோ போய்விடும், கையில் வெறும் கட்டைதான் மிஞ்சும். ஓர் உயிரைக் காப்பாற்றின புண்ணியமாவது கிடைக்கட்டும் என்று அதை எடுத்து அவள் முன்னால் சாக்கின்மேல் வைத்தார்.

கத்தியை அங்கே யாரும் கையிலிருந்து கைக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் பகை வரும். கீழேதான் வைக்க வேண்டும், மற்றவர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தையில் எவ்வளவு நெருக்கடியானாலும் அதில் மாற்றம் கிடையாது.

நேசபாய் எடுத்தாள். கூர் பார்க்கவில்லை. பிடியைக் காதோரம் வைத்து ஆட்டினாள். கல்லில் தட்டினாள்.

"இது வேண்டாம். பிடி ஆடுது."

"எங்க ஆடுது? நல்ல அரக்குல்லா போட்டிருக்கு!"

"அரக்கு வெயில்ல இளகும். வாலு பிடிக்குப் பின்னால வரைக்கும் வந்து, அங்க அடிச்சு மடக்கினது இருந்தா எடும்."

அடப்பாவி மகளே! கொலைக்கு எவ்வளவு கருத்தாக ஆயுதம் பார்க்கிறாள்!

"நேசம்மா, ஆபேலு மேல உனக்குக் கோவம் இருக்கும். இல்லாம இருக்குமா? ஆனா ரத்தத்துக்கு ரத்தம்னு போனா, உன் பிள்ளைகளை யாரு பாப்பா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கத்தி இருக்கா, இல்லியா?"

இருந்தது. எடுத்து வைத்தார். ஆட்டினாள், தட்டினாள், பக்கத்தில் கிடந்த மரமுட்டியில் ஓங்கி ஒரு வெட்டும் வெட்டிப் பார்த்தாள். சந்தையே திரும்பிப் பார்த்தது.

கத்தியை முந்தானையில் சுற்றிக்கொண்டு, கூப்புக்கு ஆள் ஏற்றுகிற லாரியைப் பார்த்து நடந்தாள். அங்கேதான் ஆபேல் நின்றான்.

முத்துநாயகம் கடையைப் போட்டது போட்டபடி ஓடினார். பின்னால் பாதிச் சந்தையும் ஓடியது. தடுக்க ஓடினவர்கள் எத்தனை பேர், வேடிக்கை பார்க்க ஓடினவர்கள் எத்தனை பேர், கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

கங்காணி ஆபேலை விரட்டிக்கொண்டிருந்தான். "சொந்தக் கத்தி இல்லாதவனை ஏத்தமாட்டேன்லே. உனக்கு இரவல் குடுக்கவும் இங்க ஒருத்தனுக்கும் மனசில்ல. போ!"

நேசபாயைக் கண்டதும் ஆபேல் ஓடவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்கா, வெட்டணும்னா வெட்டிப் போடுங்க. ஆனா நான் வேணும்னு செய்யல்ல. ஓங்கினப்போ பிடியிலிருந்து தகடு கழண்டு பறந்துட்டு. அண்ணன் எதுக்க நின்னாரு. கோர்ட்டுல சொல்லி அழுதேன், ஒருத்தரும் நம்பல்ல."

"நான் நம்பினேன். சொன்னா யாரு கேட்டா?"

முந்தானையைப் பிரித்தாள்.

"அதனாலதான் தட்டித் தட்டிப் பாத்து எடுத்தேன். இது பறக்காது. வேலைக்குப் போ. உன் பிள்ளைகளும் பட்டினி கிடக்கு."

முத்துநாயகத்துக்குத் தன் சாக்கில் கிடக்கும் அந்த அரக்குப் பிடிக் கத்தி நினைவுக்கு வந்தது.

ஆபேல் விம்மிக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினான்.

நேசபாய் கொடுக்கவில்லை. குனிந்து, கத்தியைத் தரையில் வைத்தாள்.

"கையில வாங்காத மக்கா. நமக்குள்ள பகை வந்துரும்."